வெள்ளிக்கிழமைக்கு நான் பூசிய பச்சை

மின்சாரக் கம்பெனியின் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். பில் கட்ட வந்தவர்கள், கட்ட முடியாமல் வந்தவர்கள், கத்துவதற்கென்றே வந்தவர்கள் எல்லோரையும் பார்த்தாயிற்று. இத்தனை வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு ஒரு காகித உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது. அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, பச்சை மை பூசி, மிக அழகாகச் செய்த தப்பு. இனி அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது.

1. மூன்று விளக்குக்காரர்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் வடக்கே, எங்கள் கெடா மாநிலத்தில் ஆபீசும் பள்ளிக்கூடமும் ஞாயிற்றுக்கிழமை திறக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக வெள்ளிக்கிழமைதான் லீவு. பிற்பாடு சனிக்கிழமையும் அதோடு சேர்ந்துகொண்டது. பக்கத்து மாநிலமான பினாங்கிலிருந்து பெண் எடுத்தவர்களைக் கேட்டால் தெரியும், மருமகளுக்கு இது பழகுவதற்குள் ஒரு வருஷம் ஆகிவிடும். எங்களுக்கோ ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் கருப்பையா அண்ணன். பண்டார் பாரு பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு, டவுனுக்கு வெளியே சின்னதாகச் சொந்த வீடு வாங்கிக் குடி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பில்லை என் முன்னால் போட்டார்.

"மூனு லைட்டும்மா. மூனே மூனு. நம்பிக்கை இல்லன்னா வீட்டுக்கு வந்து எண்ணிப் பாரு. மூனு லைட்டுக்கு இவ்ளோ பில்லா?"

"லைட்டத் தவிர வேற என்னண்ணே இருக்கு வீட்டுல?"

"வேற என்ன? ஒன்னும் இல்ல. ஐஸ்பெட்டி இருக்கு. சுவிட்ச் போட்டா வேகுற சோத்துப் பானை இருக்கு. டிவி இருக்கு. எம் பொண்டாட்டி ஊருக்கெல்லாம் துணி அயர்ன் பண்ணிக் குடுக்குறா. அதெல்லாம் லைட்டு இல்லையேமா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் மேல் தப்பில்லை. தோட்டத்தில் சாயங்காலம் எஞ்சினைப் போட்டால் வெளிச்சம், நிறுத்தினால் இருட்டு. பில் என்று ஒன்றை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. கரண்ட் என்றால் அவருக்கு விளக்குத்தான்.

நான் பில்லைத் திருப்பிப் போட்டு வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் வரைந்தேன். "இந்த ஒரு பெட்டி ஒரு யூனிட்டுண்ணே. அக்கா அயர்ன் பாக்ஸ ஒரு மணி நேரம் விடாம சூடு பண்ணா ஒரு பெட்டி முடிஞ்சிச்சி. உங்க லைட்டு ஒன்னு இதே பெட்டிய முடிக்கணும்னா காலையில போட்டு ராத்திரி வரைக்கும் எரியணும்" என்றேன். அவர் பெட்டிகளை விரலால் எண்ணினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அப்ப லைட்டு பாவம்லா. திருடன் அயர்ன் பாக்ஸு."

அன்றிலிருந்து நான் பெட்டி அக்காவாகிவிட்டேன். யார் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் கம்பெனி அச்சடித்த கட்டண விளக்கத் தாளைக் கொடுத்துவிட்டு, கூடவே பெட்டி போட்டு விளக்குவேன். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் எல்லோருக்கும் என் பெட்டி புரிந்தது. வெளியூர்க் கிளைகளில் கூட என் பெயர் தெரியும். எனக்குத் தலைக்கனம் ஏறியதும் உண்மை. ஒரு கட்டத்துக்கு மேல் அச்சடித்த தாளைப் படிப்பதையே விட்டுவிட்டேன். கொடுப்பதோடு சரி.

2. பிலோமினா சொன்ன விலை

நேர வாரியான கட்டண முறை வந்தபோது எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான முறையில் எந்த நேரத்தில் கரண்ட் எடுத்தாலும் ஒரே விலை. புது முறையில் சேர்ந்தால், வேலை நாட்களில் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை விலை சற்று அதிகம். மற்ற நேரமெல்லாம் குறைவு. வாரத்தில் இரண்டு நாள் முழுக்க முழுக்கக் குறைவு. விருப்பம் இருப்பவர்கள் எழுதிக் கொடுத்துச் சேரலாம். யூனிட்டுக்குச் சில காசுதான் வித்தியாசம். ஆனால் நிறைய யூனிட் எடுக்கிறவர்களுக்கு அந்தச் சில காசு பெரிய விஷயம்.

அப்படி எடுக்கிறவள் பிலோமினா. எங்கள் டவுனில் டோபி கடை வைத்திருக்கிறாள். நாற்பத்தைந்து வயது, மாதா கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள், குரலும் அப்படித்தான். கடையில் துவைக்கிற மெஷின், காய வைக்கிற மெஷின், படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய உருளை அயர்ன் எல்லாம் கரண்டில் ஓடுகிறவை. லெட்சுமி, சாந்தி என்று இரண்டு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்யும் ஆட்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றின் விரிப்பு, தலையணை உறைகள்தான் கடைக்குச் சோறு போடுவது. வீட்டுத் துணி கொண்டுவருகிறவர்களை மட்டும் நம்பினால் ஒருத்திக்குக்கூடச் சம்பளம் கொடுக்க முடியாது.

அந்த ஹாஸ்டல் வேலைக்கு வேறொரு பெரிய டோபி கம்பெனி குறைந்த விலை சொல்லிவிட்டது. ஹாஸ்டல் மேனேஜர் பிலோமினாவைக் கூப்பிட்டு, "நீ எவ்வளவு குறைப்பே?" என்று கேட்டிருக்கிறார். அவள் நேரே என் கவுண்டருக்கு வந்தாள்.

"அக்கா, இந்தப் புது முறையில சேந்தா எனக்குக் கொறையுமா, கொறையாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. கிலோவுக்குச் சில காசுலதான் என் பொழப்பு நிக்கிது."

நான் ஒரு பழைய உறையை எடுத்துத் திருப்பினேன். ஏழு பெட்டி வரைந்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். இந்த ஐந்திலும் மத்தியானம் இரண்டிலிருந்து பத்து வரை சிவப்பு, மற்ற நேரம் பச்சை. கடைசி இரண்டு பெட்டி, வெள்ளியும் சனியும், மேலிருந்து கீழ் வரை பச்சை.

"பச்சையில ஓட்டு, சிவப்புல கைய வைக்காத. அவ்ளோதாம்மா" என்றேன்.

"ஹாஸ்டல் துணி முழுக்க வெள்ளி சனிக்கு மாத்திட்டா?"

"ராணி மாதிரி இருக்கலாம் நீ."

அவள் அந்த உறையை மடிக்காமல், கசங்காமல், பையில் இருந்த செபப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனாள். ஹாஸ்டலுக்குக் குறைந்த விலை சொன்னாள். மூன்று மாதம் பார்க்கலாம், சரிப்பட்டு வந்தால் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

முதல் மாதம் முடிந்ததும் ஃபோன் செய்தாள். "பில் கொறையலையேக்கா. கொஞ்சம் கூடத்தான் வந்திருக்கு."

"மொத மாசம் அப்படித்தான் இருக்கும்மா. பழகணும்லா" என்றேன். கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டி அக்காவுக்கு எதற்குக் கம்ப்யூட்டர்?

3. சிவப்புக் கோடுகள்

இரண்டாவது மாதம் அவள் ஃபோன் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குக் கட்டிய சேலையிலேயே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. ஒரு கையில் ஹேண்ட்போன், அதில் பில். இன்னொரு கையில் என் உறை.

"கடைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தேங்கா. இதப் பாத்துத்தான் மெஷின் போடுறேன், நிறுத்துறேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் நா வீட்டுல சமைக்கிற நாளு. அதயும் விட்டுட்டு ராத்திரி வரைக்கும் கடையில நிக்கிறேன். பில்லு மறுபடியும் ஏறியிருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணுமா வேணாமான்னு சொல்லணும். போட்டா நஷ்டம். போடலன்னா லெட்சுமியையும் சாந்தியையும் வீட்டுக்கு அனுப்பணும். நா எதுலக்கா தப்பு செஞ்சேன்?"

அப்போதுதான் நான் கம்ப்யூட்டரில் அவள் கணக்கைத் திறந்தேன். ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு தடவை எடுத்த அளவு வரிசையாக வந்தது. விலை அதிகமான நேரம் சிவப்பு, குறைவான நேரம் பச்சை. வெள்ளிக்கிழமை காலை பச்சை. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து பளிச்சென்று சிவப்பு. ஒன்றல்ல, எல்லா வெள்ளிக்கிழமையும். ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தால் நாள் பூராப் பச்சை. அதில் ஒரு கோடுகூட எழும்பவில்லை, கடை பூட்டியிருந்ததால்.

கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். இப்படி நினைத்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிறகு கை நீட்டி, நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்த அந்த அச்சடித்த தாளை எடுத்து, முதல் தடவையாக வரி விடாமல் படித்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை நாள். சனியும் ஞாயிறும் முழு நாள் சலுகை. நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி. கெடாவுக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

மீட்டருக்கு நம் மாநிலத்து லீவு தெரியாது. அது தலைநகரத்து நாள்காட்டியில் ஓடுகிறது. கெடாவில் பிறந்து, கெடாவில் படித்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலைக்கு வந்த நான், வாரம் என்றால் ஞாயிற்றில் தொடங்கி, கடைசி இரண்டு நாள் லீவு என்று யோசிக்காமலே கோடு போட்டுவிட்டேன். கோலாலம்பூரில் உட்கார்ந்திருப்பவளுக்கு இந்தத் தப்பு வந்திருக்காது. 

"ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ரோஸ்லான் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "தாக் அப்பா, கக், ஒன்றுமில்லை அக்கா. நாம் கொடுத்த தாள் சரியாகத்தானே இருக்கிறது? அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வரைந்தது நீங்கள் வரைந்ததுதான். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் எதற்கு உங்களுக்கு வம்பு?"

என் நன்மைக்குத்தான் சொன்னார். அந்த அறையிலிருந்து கவுண்டருக்குப் பத்து அடி தூரம். அந்தப் பத்து அடியில் நான் நினைக்காத பொய் இல்லை. இடத்துக்கு இடம் மாறும், சிஸ்டம் மாற்றிவிட்டார்கள், அடுத்த மாதம் சரியாகிவிடும். எந்தப் பொய்யைச் சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள். நினைக்க நினைக்க அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உட்கார்ந்தேன். உறையை அவள் பக்கம் திருப்பினேன்.

"பிலோமினா, நீ ஒரு தப்பும் செய்யல. நான்தான் செஞ்சேன். வெள்ளிக்கிழமைக்குப் பச்சை அடிச்சிட்டேன். மீட்டருக்கு வெள்ளிக்கிழமை வேலை நாளு. ஞாயித்துக்கிழமைதான் லீவு."

அவள் உறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா இந்தக் கவுண்டர்ல உக்காந்துருக்கீங்க. எது லீவுன்னு தெரியாதாக்கா உங்களுக்கு?"

"நம்ம லீவு தெரியும்மா. அதான் இப்படி ஆச்சு."

"உங்க வாயி சொன்னத வச்சித்தானே நா வெல சொன்னேன்!" குரல் உடைந்துவிட்டது. பக்கத்துக் கவுண்டரில் பேச்சு நின்றது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அவள் தனியாக அழ வேண்டியிருக்கும்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப ஞாயித்துக்கிழமை நாள் பூரா சீப்பா?"

"ஆமாம்மா."

"நா ஞாயித்துக்கிழமை மெஷின் போட மாட்டேங்கா. எவ்ளோ மிச்சம்னாலும் மாட்டேன்."

"நான் போடச் சொல்லலையே."

"சொல்லிடப் போறீங்கன்னுதான் முன்னாடியே சொல்றேன்."

அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் உதட்டோரம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. பழைய முறைக்கே மாற்றிக் கொடுங்கள் என்றாள். அதற்கான விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்தேன். "இதுல கையெழுத்து வாங்கிடுறேன். ஆனா இந்த மாசம் முடியுற வரைக்கும் என் டிராயர்லயே இருக்கட்டும். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை குடு. உன் கடையில வந்து உக்காருறேன். அப்புறமும் சரி வரலன்னா நானே கொண்டு போய்க் குடுத்துடுறேன்" என்றேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதே மாதிரி பெட்டியை நான் வேறு நான்கு பேருக்கும் போட்டுக் கொடுத்திருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் நால்வருக்கும் ஃபோன் செய்து சொன்னேன். மூன்று பேர் திட்டாமல் விட்டார்கள். நாலாவது ஆள், தளவாடக் கடை அங்கிள், "நீ குடுத்த பேப்பர நா பாக்கவே இல்லலா" என்றார். அவர் ஒருவர்தான் தப்பித்தவர்.

4. மெஷின் பக்கத்தில் ஒரு நாள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததுமே, ஒரு பள்ளிக்கூட நோட்டும் பென்சிலுமாகப் போய் டோபி கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பெட்டி வரையவில்லை. எந்த மெஷின் எத்தனை மணிக்கு ஓடுகிறது, உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது, இதை மட்டும் எழுதினேன்.

முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து கரண்டைப் பற்றிப் பேசியவள், அன்றைக்குத்தான் கரண்ட் செலவாவதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

முதலில் உருளை அயர்ன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே அதைச் சூடு பண்ணப் போட்டுவிடுகிறார்கள். முதல் விரிப்பு உள்ளே போகும்போது மணி இரண்டரை. "சூடு ஆறிடக் கூடாதுன்னுதான்" என்றாள் சாந்தி. இரண்டரை மணி நேரம் அது காற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தது காய வைக்கிற மெஷின். அதுதான் அந்தக் கடையில் அதிகமாகக் கரண்ட் தின்கிற சாமான். எட்டிப் பார்த்தால் பாதிதான் நிரம்பியிருந்தது. ஒன்று முடிந்து இன்னொன்று, எல்லாம் பாதி.

"ஏன் லெட்சுமி, இன்னும் கொஞ்சம் போட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

லெட்சுமிக்கு என்மேல் இன்னும் கோபம் போகவில்லை. அவள் வேலையே போகிற மாதிரி இருந்தது என்னால்தானே. முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "ஆகும். ஆனா ஹாஸ்டல்ல ஏ புளோக், பி புளோக், சி புளோக்குன்னு தனித்தனி. எல்லாம் ஒரே வெள்ளை. கலந்துட்டா யாரு பிரிக்கிறது? அந்த புளோக் வார்டன் இந்த புளோக் துணிய வாங்க மாட்டாரு. ஒரு தடவ கலந்துட்டுப் பட்டது போதும்."

அதையும் எழுதிக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து, விரிப்பு மடித்துக்கொண்டிருந்த லெட்சுமியே கையை நிறுத்தினாள்.

"ஓரத்துல நூலு போட்டா என்னக்கா?" என்று பிலோமினாவிடம் கேட்டாள். "ஏ புளோக்குக்குச் செவப்பு, பிக்கு ஊதா, சிக்குப் பச்சை. மூலையில நாலு தையல். அப்புறம் எத்தன கலந்தாலும் பிரிச்சிடலாமே. எனக்கு வீட்டுல தையல் மெஷின் இருக்கு."

பிலோமினா அவளையே பார்த்தாள். "இத ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்றதுக்கு என்னாடி?"

"நீங்க கேக்கவே இல்லையே."

இதுதான் அன்றைக்கு நடந்த பெரிய காரியம். நான் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். மெஷின் நிரம்ப ஓடினால் ஓடுகிற தடவை குறையும், தடவை குறைந்தால் யூனிட் குறையும். விலை குறைவான நேரம் பார்த்து ஓட்டுவதில் யூனிட்டுக்குச் சில காசுதான் மிஞ்சும். ஓடாத யூனிட்டில் முழு விலையும் மிஞ்சும். இதைக் கருப்பையா அண்ணனுக்கு முதல் நாளே சொன்னவள் நான். நடுவில் எனக்கே மறந்துபோயிருந்தது.

மிச்சம் நேரக் கணக்கு. மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது நான்கு பேரும் பேசினோம். ஹாஸ்டல் வேன் வியாழக்கிழமை சாயங்காலம் துணி இறக்கும், சனிக்கிழமை சாயங்காலம் எடுக்கும். இடையில் வெள்ளிக்கிழமை இரண்டு மணி வரை பச்சை. சனிக்கிழமை நாள் பூராப் பச்சை. ஒன்பது மணிக்குத் திறக்கிற கடையை வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமையைத் தொடவே வேண்டாம்.

"ஆறு மணிக்கா?" என்று சாந்தி வாயைப் பிளந்தாள்.

"ஆறு மணிக்கு வந்தா ரெண்டு மணிக்குப் போயிடலாம்" என்றாள் பிலோமினா. "வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை சாத்து."

சாந்தி கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளிக்கிழமை மத்தியானமே வீட்டுல இருக்கலாமா? பிள்ளைங்களோட? அப்ப அஞ்சரைக்கே வந்துடுறேன்லா."

எல்லோரும் சிரித்தோம். லெட்சுமி என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். கோபம் தீர்ந்தது என்று அதில் தெரிந்துகொண்டேன்.

5. மூன்றாவது பில்

அந்த மாதம் முழுக்க எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் காலையில் ஆபீசுக்குப் போனதும் அவள் கணக்கைத் திறந்து கோடுகளைப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சிவப்பு ஒன்றும் எழும்பவில்லை என்று பார்த்தால்தான் கோப்பி குடிக்கத் தோன்றும். ரோஸ்லான் என் பின்னால் நின்று, "கக், இந்த டோபி கடை உங்கள் கடையா?" என்று கேட்டார். "போன மாசம் வரைக்கும் இல்லை" என்றேன்.

பில் வந்த அன்றைக்குப் பிலோமினா ஃபோன் செய்யவில்லை, நேரில்தான் வந்தாள். ஹேண்ட்போனை என் பக்கம் நீட்டினாள். புது முறையில் சேர்வதற்கு முன்னால் வந்துகொண்டிருந்த பில்லைவிட நூற்றுச் சொச்சம் ரிங்கிட் குறைவு. யூனிட்டும் குறைந்திருந்தது, விலையும் குறைந்திருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். இந்தத் தடவை தாளில் இருந்ததைப் படித்தேன், என் தலையில் இருந்ததை அல்ல.

"கையெழுத்துப் போட்டுட்டேங்கா. ஒரு வருஷத்துக்கு" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிராயரைத் திறந்து, அவள் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த பாரத்தை எடுத்து அவளிடமே கொடுத்தேன். அவள் அதை நான்காகக் கிழித்து என் குப்பைக் கூடையில் போட்டாள். அப்புறம் கேட்டாள்: "அந்தக் கவரு எங்க? என் கவரு."

"அது தப்பானதும்மா. நான் வச்சிருக்கேன்."

"குடுங்க."

வாங்கினாள். என் மேசையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, வெள்ளிக்கிழமைப் பெட்டியில் நான் பூசியிருந்த பச்சைக்கு மேலேயே, இரண்டிலிருந்து பத்து வரை அழுத்தி அழுத்தி அடித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பெட்டியில் சிவப்பின் மேல் ஒரு சின்னச் சிலுவை போட்டாள். "இது சீப்பா இருந்தாலும் எனக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள். இன்றைக்கும் அது அவள் கடைச் சுவரில்தான் இருக்கிறது. என் தப்போடு சேர்த்து.

இனி அந்த நாற்காலிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். வருகிறவர்கள் பில்லில் கடைசியில் இருக்கிற பணத் தொகையைக் காட்டுவார்கள், நீங்கள் முதலில் யூனிட்டைப் பாருங்கள். நாட்களைச் சொல்லும்போது லீவு, வாரக் கடைசி என்று சொல்லாதீர்கள், கிழமையின் பெயரைச் சொல்லுங்கள், கெடாவில் கட்டாயமாக. கொடுக்கிற தாளைத் தினமும் ஒரு தடவை நீங்களே படியுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுங்கள். காது சூடாகும், ஆனால் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், வீட்டு ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு பிலோமினா கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. வாசலில் காடியை நிறுத்தி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, லெட்சுமி கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். பிலோமினா சுவிட்ச் பெட்டியில் கை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிலோமினா, இத மட்டும் ஒரு சுத்து..."

"மணி என்னக்கா?"

பார்த்தேன். இரண்டாக ஒரு நிமிஷம்.

"நமக்குள்ள என்னம்மா, ஒரே ஒரு தடவ..."

அவள் சுவரில் இருந்த உறையைக் காட்டினாள். வெள்ளிக்கிழமைப் பெட்டி, சிவப்பு. "படிங்க" என்றாள்.

சத்தமாகப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. லெட்சுமியும் சாந்தியும் சிரித்துக்கொண்டே, "வரோம்க்கா" என்று வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் அழுக்குத் திரை மூட்டையோடு நடுக்கடையில் நின்றேன். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"நாளைக்கு வாங்க. சனிக்கிழமை" என்றாள் பிலோமினா, கதவைச் சாத்திக்கொண்டே. "எப்ப வேணும்னாலும் வரலாம்."